முழங்கால் ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு மனப்பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் ஏசிஎல் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் முடிந்து, பிசியோதெரபியில் இருப்பவர்களுக்காக எழுதியது இது. கபடியிலோ கால்பந்திலோ கிழித்துக்கொண்டவர்கள், பைக் சறுக்கும்போது காலை ஊன்றியவர்கள், மாடிப்படியில் தவறியவர்கள் என எல்லோருக்கும் பொருந்தும். பயிற்சி அறையில் என்னிடம் கேட்கப்படுபவைதான் இங்கே கேள்விகளாக இருக்கின்றன. உங்கள் சர்ஜனும் பிசியோவும் சொன்னதற்கு மாறாக இதில் ஏதாவது இருந்தால், அவர்கள் சொன்னதையே பின்பற்றுங்கள். ஏசிஎல்லோடு மெனிஸ்கஸிலும் (முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு) தையல் போட்டவருக்கு, எவ்வளவு மடக்கலாம், எப்போது எடை போடலாம் என்பதெல்லாம் மாறும்.

மனப்பயிற்சி என்றால் என்ன? தியானம் மாதிரியா?

இல்லை. தியானத்தில் மனதை அமைதிப்படுத்துகிறோம். இங்கே மனதுக்கு வேலை கொடுக்கிறோம். காலை அசைக்காமல், ஒரு குறிப்பிட்ட அசைவைச் செய்வதாக உள்ளுக்குள் நடத்திப் பார்ப்பதுதான் மனப்பயிற்சி. தொடை இறுகுவது, முட்டிச் சில்லு மேலே ஏறுவது, குதிகால் மெத்தையில் உரசுவது எல்லாம் உணர்வாக வர வேண்டும். “என் கால் சீக்கிரம் சரியாகிவிடும்” என்று நினைப்பது நல்ல எண்ணம்தான், ஆனால் அது மனப்பயிற்சி ஆகாது. எந்தத் தசை, எந்த அசைவு, எத்தனை நொடி என்று சொல்ல முடிந்தால்தான் அது பயிற்சி.

தொடங்குவதற்கு முன் இரண்டு நிமிடம் மூச்சை மெதுவாக விட்டு உடம்பைத் தளர்த்திக்கொள்வது உதவும். அந்தப் பகுதி மட்டும் தியானத்துக்குச் சொந்தம்.

கண்ணை மூடி நினைத்தால் கிழிந்த ஜவ்வு ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. ஆபரேஷனில் உங்கள் பின்தொடையிலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ தசைநாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு, புது ஜவ்வாக வைத்திருக்கிறார்கள். அதற்குப் புதிதாக ரத்த ஓட்டம் வந்து, அது மெல்ல மெல்ல ஜவ்வின் தன்மைக்கு மாறப் பல மாதங்கள் ஆகும். ஆபரேஷனுக்குப் பிறகு சுமார் 6 முதல் 12 வாரங்களுக்குள் அது இன்னும் பலவீனமாக இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வலி குறைந்து, நடையும் தேறி, ‘நமக்கு எல்லாம் சரியாகிவிட்டது’ என்று தோன்றுவதும் அதே காலத்தில்தான். இந்த உயிரியல் கணக்கை எந்தக் கற்பனையாலும் அவசரப்படுத்த முடியாது.

‘ஜவ்வின் மேல் தங்க நிற ஒளி பாய்வதாக நினையுங்கள்’ என்று சொல்லும் ஆடியோக்கள் இருக்கின்றன. கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூக்கம் வந்தால் கேளுங்கள், தூக்கமும் மருந்துதான். ஜவ்வு அதனால் கெட்டிப்படும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

அப்படியென்றால் இதனால் யாருக்கு என்ன லாபம்?

இரண்டு இடங்களில் லாபம் உண்டு. ஒன்று, ஆபரேஷன் முடிந்த முதல் வாரங்களில் தொடைத் தசையை எழுப்புவது. மற்றொன்று, மாதங்கள் கழித்துக் களத்துக்குத் திரும்பும்போது வரும் பயத்தைக் குறைப்பது. இரண்டுக்கும் நடுவில் இதன் பங்கு சிறியது என்பது என் கருத்து. அந்தக் காலத்தில் வியர்வை சிந்தும் பயிற்சிக்கு மாற்றே இல்லை.

முதலாவதைக் கொஞ்சம் விளக்குகிறேன். ஆபரேஷன் முடிந்த மறுநாள் “தொடையை இறுக்குங்கள்” என்றால் பலருக்கு ஒன்றுமே நடக்காது. முகம் சுருங்கும், பல்லைக் கடிப்பார்கள், இடுப்பு தூக்கும், ஆனால் தொடை மட்டும் மாவு மாதிரி கிடக்கும். “தசையை வெட்டிவிட்டார்களா சார்?” என்று கேட்டவர்கள் உண்டு. வெட்டவில்லை. முட்டிக்குள் நீர் கோத்து வீங்கினால், அங்குள்ள நரம்புகள் முதுகுத்தண்டுக்கு ஒரு தடைச் செய்தியை அனுப்புகின்றன. அதைக் கேட்டு முதுகுத்தண்டு, தொடைக்குப் போகும் கட்டளையை அமுக்கிவிடுகிறது. இதற்கு வலிகூடத் தேவையில்லை. 1984-இல் ஸ்பென்சரும் அவரது சகாக்களும் நல்ல முழங்காலுக்குள் வெறும் உப்புநீரைச் செலுத்திப் பார்த்தார்கள். 20 முதல் 30 மில்லிலிட்டர் போனதுமே தொடையின் உட்பக்கத் தசை மந்தமாகிவிட்டது. ஒரு சின்ன டீ டம்ளரில் பாதிகூட இல்லாத அளவு அது.

அதாவது, தசை இருக்கிறது, கட்டளைதான் போய்ச் சேரவில்லை. ஃபியூஸ் போன வீட்டில் பல்பை மாற்றிப் பயன் உண்டா? மூளையில் அசைவைத் திட்டமிடும் பகுதிகள், அசைவைச் செய்யும்போது மட்டுமல்ல, உணர்வோடு கற்பனை செய்யும்போதும் வேலை செய்கின்றன. மனப்பயிற்சி பிடித்துக்கொள்வது இந்த வழியைத்தான்.

வெறும் கற்பனையால் பலம் கூடும் என்பதை நம்ப முடியவில்லையே?

எனக்கும் முதலில் கேட்க விசித்திரமாகத்தான் இருந்தது. 1992-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் யூவும் கோலும் சுண்டுவிரலை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நான்கு வாரம் சுண்டுவிரலை நிஜமாகவே முழு பலத்தோடு விலக்கிப் பழகியவர்களுக்குச் சுமார் 30 சதவீதம் பலம் கூடியது. விலக்குவதாகக் கற்பனை மட்டும் செய்தவர்களுக்கு 22 சதவீதம். ஒன்றும் செய்யாதவர்களுக்கு 4 சதவீதத்துக்கும் கீழே. நான்கு வாரத்தில் கற்பனையால் தசை பருக்க வழியில்லை. கட்டளை வலுத்ததால் வந்த பலம் அது.

நம் விஷயத்துக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது 2014-இல் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் கிளார்க்கின் குழு செய்த ஆய்வு. ஆரோக்கியமானவர்களின் மணிக்கட்டுக்கு நான்கு வாரம் கட்டுப் போட்டார்கள். சும்மா இருந்தவர்கள் சுமார் 45 சதவீத பலத்தை இழந்தார்கள். வாரத்தில் ஐந்து நாள், கட்டுக்குள் இருக்கும் கையை இறுக்குவதாகக் கற்பனை செய்தவர்கள் சுமார் 24 சதவீதம்தான் இழந்தார்கள்.

ஆனால் இதெல்லாம் நல்ல கை, நல்ல விரல். வீங்கிய முழங்காலில் இதே அளவு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, ஏசிஎல் நோயாளிகளிடமே யாராவது பார்த்தார்களா?

பார்த்தார்கள். 2001-இல் கியூபல், புரூவர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வுதான் அதிகம் பேசப்படுவது. ஏசிஎல் ஆபரேஷன் செய்த 30 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான பிசியோவோடு 10 அமர்வுகள் தளர்வும் மனக்காட்சியும். இன்னொரு குழுவுக்கு அக்கறையான பேச்சும், தினமும் ஒரு அமைதியான இடத்தை நினைத்துப் பார்க்கும் வேலையும். மூன்றாவது குழுவுக்குப் பிசியோ மட்டும். 24-ஆவது வாரத்தில் முதல் குழுவுக்கு முழங்கால் பலம் அதிகமாகவும், வலியும் மறுபடி அடிபடும் என்ற பதற்றமும் குறைவாகவும் இருந்தன. நடுவில் வைத்த அந்த இரண்டாவது குழு எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ‘யாரோ அக்கறையாகப் பேசியதால் வந்த நிம்மதிதானே இது’ என்று ஒதுக்கிவிட முடியாமல் அது செய்கிறது.

2012-இல் பிரான்சின் லியோனில் லெபோன் குழு 12 பேரிடம் பார்த்தது. மனப்பயிற்சி செய்தவர்களின் தசை கூடுதலாக இயங்கியது, ஆனால் வலி குறையவில்லை. அதே ஆண்டு நியூசிலாந்தில் மேடிசன் குழு 21 பேரிடம் பார்த்தபோது, பலத்தில் வித்தியாசம் தெரியவில்லை, முழங்கால் மூட்டின் தளர்வான ஆட்டம் மட்டும் குறைவாக இருந்தது.

ஒன்றில் வலி குறைகிறது, மற்றொன்றில் குறையவில்லை. ஒன்றில் பலம் கூடுகிறது, மற்றொன்றில் கூடவில்லை. எல்லாமே சின்னச் சின்ன ஆய்வுகள். செலவில்லாத, பக்கவிளைவு ஏறக்குறைய இல்லாத ஒன்று என்பதால் நான் பரிந்துரைக்கிறேன். இதற்கென்று தனியாகப் பெரிய பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எப்போது தொடங்கலாம்?

ஆபரேஷனுக்கு முன்பே. நல்ல நிலையில் தொடை இறுகும்போது எப்படி இருக்கும் என்று அப்போதே கவனித்து வைத்துக்கொண்டால், பிறகு கற்பனைக்கு ஆதாரம் இருக்கும். தேதி குறித்துவிட்டு வீட்டில் காத்திருக்கும் நாட்களுக்கு இது நல்ல வேலை. ஆபரேஷன் முடிந்துவிட்டதா? மயக்கம் தெளிந்து, வலி மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் தொடங்குங்கள்.

முதல் இரண்டு வாரம் எப்படிச் செய்ய வேண்டும்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அமுக்கும் பயிற்சியைப் பிசியோ சொல்லிக் கொடுத்திருப்பார். அதையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் நல்ல காலில் நிஜமாகச் செய்யுங்கள். துண்டை ஐந்து நொடி அமுக்கி விடுங்கள். அப்போது கையைத் தொடையின் உட்பக்கம், முட்டிச் சில்லுக்கு நான்கு விரல் மேலே வையுங்கள். அங்கே ஒரு மேடு எழும்பும். சில்லு இடுப்பை நோக்கி நகரும். முட்டியின் பின்பக்கம் துண்டில் பதியும், குதிகால் லேசாகக் கிளம்பும். இந்த நான்கையும் மூன்று நான்கு முறை செய்து மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் கண்ணை மூடி, அதே நான்கும் ஆபரேஷன் செய்த காலில் நடப்பதாக உணருங்கள். காலை அசைக்க வேண்டாம். ஐந்து நொடி இறுக்கம், ஐந்து நொடி ஓய்வு, ஐந்து முறை.

உடனே, இடைவெளி விடாமல், அதே காலில் நிஜமாக முயலுங்கள். தொடையில் புழு நெளிவது போல ஒரு துடிப்பு வந்தாலும் அது வெற்றிதான். கையை மேட்டின் மேல் வைத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாததும் கைக்குத் தெரியும். அப்புறம் மறுபடி ஐந்து கற்பனை, ஐந்து நிஜம்.

கற்பனையையும் நிஜத்தையும் இப்படி மாற்றி மாற்றிச் செய்வதுதான் முக்கியம். காலையில் பத்து நிமிடம் கற்பனை, மாலையில் தனியாகப் பிசியோ என்று பிரித்துவிட்டால் கட்டளை பழகிய சூடு ஆறிவிடுகிறது. தசைக்கு மின் தூண்டல் கருவி வைத்திருந்தால், அது இழுக்கும் அந்த நொடியில் நீங்களும் உள்ளிருந்து சேர்ந்து இறுக்குங்கள். பல பேர் கருவியை மாட்டிவிட்டு வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீக்கத்தையும் கவனியுங்கள். ஐஸ், காலை உயர்த்தி வைப்பது, அளவான நடை ஆகியவற்றால் வீக்கம் குறையக் குறையத்தான் அந்தத் தடைச் செய்தியும் குறையும். வீங்கிய காலோடு நாள் முழுக்க நின்றுவிட்டு இரவில் கண்ணை மூடிக் கற்பனை செய்வதால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

மடக்கும்போது வலி. அதை நினைத்தாலே கால் இறுகிக்கொள்கிறது. என்ன செய்வது?

மடக்குவதற்கு முன் இரண்டு நிமிடம் மூச்சுப் பயிற்சி. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். பிறகு, நேற்று வலிக்காமல் மடங்கிய அளவு வரை மட்டும் கற்பனையில் மடக்குங்கள். பாலிதீன் கவரின் மேல் குதிகால் வழுக்கி வருவது, பின்தொடை மெதுவாகத் திரள்வது, முட்டிக்கு முன்னால் தோல் இழுபடுவது என எல்லாவற்றையும் கவனியுங்கள். கற்பனையில் வலி வந்தால் கொஞ்சம் பின்னால் வாருங்கள். நிஜத்தில் செய்யும்போது அந்த அளவைத் தாண்டி ஒரு விரல்கடை போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. எல்லோரும் மடக்குவதையே கவலைப்படுகிறார்கள், நீட்டுவதை மறந்துவிடுகிறார்கள். முழுதாக நேராகாத முட்டி பிற்காலத்தில் கொடுக்கும் தொல்லை அதிகம். இதமாக இருக்கிறது என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்காதீர்கள்.

என்னை வெளியிலிருந்து பார்ப்பதா, என் கண் வழியாகப் பார்ப்பதா?

தசையை எழுப்ப வேண்டுமென்றால் உங்கள் கண் வழியாக, உங்கள் உடம்புக்குள்ளிருந்து. படியில் இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்பது போன்ற தோரணைத் திருத்தங்களுக்கு வெளியிலிருந்து, போனில் எடுத்த வீடியோவில் பார்ப்பது போல. இரண்டையும் கலந்து செய்யலாம்.

வேகம் நிஜ வேகமாக இருக்க வேண்டும். 1989-இல் டெசெட்டியும் அவரது சகாக்களும், மனதில் நடப்பதற்கு ஆகும் நேரமும் நிஜமாக நடப்பதற்கு ஆகும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் கண்டார்கள். இதை வைத்து உங்களையே சோதித்துக்கொள்ளலாம். வாக்கரோடு கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போக எவ்வளவு நேரம் என்று போனில் பாருங்கள். பிறகு படுத்தபடி அதே தூரத்தை மனதில் நடந்து, ஸ்டாப்வாட்சை நிறுத்துங்கள். நிஜத்தில் 40 நொடி, மனதில் 10 நொடி என்றால் நீங்கள் நடக்கவில்லை, பறந்திருக்கிறீர்கள். திருப்பத்தில் நின்று, வாக்கரைத் தூக்கி வைத்து, ஒவ்வொரு அடியாக மறுபடி நடங்கள்.

விளையாட்டு உளவியலில் ஹோம்ஸும் காலின்ஸும் 2001-இல் முன்வைத்த பெட்லெப் என்ற முறையும் இதையே வலியுறுத்துகிறது. நிஜத்தில் எந்த நிலையில், எந்த இடத்தில், எந்த உடையில் செய்வீர்களோ, கற்பனையும் அதை ஒட்டி இருக்க வேண்டும். நிற்கும் பயிற்சியைப் படுத்துக்கொண்டு கற்பனை செய்வதைவிட, சுவரைப் பிடித்து நின்றபடி செய்வது மேல்.

எனக்குக் காட்சியே வருவதில்லை. கண்ணை மூடினால் இருட்டுதான்.

சிலருக்கு அப்படித்தான். மனதில் படமே தோன்றாதவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் ஆடம் ஜீமன் என்ற நரம்பியல் மருத்துவர் 2015-இல் இதற்கு அஃபான்டேசியா என்று பெயரிட்டார். இது நோய் இல்லை. படம் வராவிட்டாலும் இறுக்கம், அழுத்தம், சூடு போன்ற உணர்வுகளை உங்களால் நினைவுக்குக் கொண்டுவர முடிகிறதா என்று பாருங்கள். நமக்கு வேண்டியதும் அதுதான். அதுவும் கடினமாக இருந்தால், உங்கள் நல்ல கால் அந்தப் பயிற்சியைச் செய்வதை வீடியோ எடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே உணர முயலுங்கள். எதுவும் ஒத்துவரவில்லையா? விட்டுவிடுங்கள். மனப்பயிற்சி இல்லாமல் வெறும் பிசியோவில் தேறியவர்கள்தான் உலகில் அதிகம்.

கண்ணை மூடினாலே விழுந்த காட்சிதான் வருகிறது. ‘டப்’ என்று கேட்ட சத்தம்கூட.

இதைச் சொல்லத் தயங்குபவர்கள் அதிகம், குறிப்பாக இளைஞர்கள். கபடியில் ரெய்டு போனவன் கோட்டுக்குத் திரும்பும் நேரத்தில் காலை ஊன்றித் திரும்புகிறான், அதே நொடியில் பின்னாலிருந்து தொடையைப் பிடிக்கிறார்கள். பாதம் கபடி விரிப்பில் (மேட்) ஒட்டி நிற்கிறது, உடம்பு மட்டும் சுழல்கிறது. ஜவ்வு கிழிய இது போதும். அந்த நொடி மனதில் பதிந்து, கேட்காமலேயே திரும்பத் திரும்ப ஓடும்.

அந்தக் காட்சியை அடக்கப் போராட வேண்டாம், அதையே பயிற்சியாக ஓட்டவும் வேண்டாம். அது வந்தால் கண்ணைத் திறங்கள், அறையில் இருக்கும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லுங்கள், பாதம் தரையில் பதிவதை உணருங்கள். அன்றைக்குக் களத்தை விட்டுவிட்டு, துண்டு அமுக்கும் பயிற்சி போலச் சாதாரண ஒன்றை மட்டும் கற்பனை செய்யுங்கள். சில வாரங்கள் கழித்து, அடிபட்ட அதே இடத்தில் நல்லபடி முடியும் காட்சியை மெதுவான வேகத்தில் அமைக்கலாம். குறுகிய அடிகளாக வைத்து வேகத்தைக் குறைத்து, முட்டியை மடக்கி, பாதம் திரும்பிய திசையிலேயே உடம்பும் திரும்புவதாக.

தூக்கம் கெடுகிறது, மைதானம் இருக்கும் தெரு வழியாகப் போகவே முடியவில்லை, எரிச்சல் வீட்டாரிடம் வெடிக்கிறது என்றால், உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். இதைப் பிசியோவால் சரிசெய்ய முடியாது. அந்த நிலையில் நீங்களாக மனப்பயிற்சி செய்வதும் சரிப்படாது.

கால் தேறிவிட்டது, சோதனையிலும் பாஸ். ஆனால் களத்தில் இறங்கப் பயம். மனப்பயிற்சி இங்கே உதவுமா?

இதன் உண்மையான மைதானம் இதுதான். ஆர்டெர்னும் சக ஆய்வாளர்களும் 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஏசிஎல் ஆபரேஷன் செய்தவர்களில் 81 சதவீதம் பேர் ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். பழைய தரத்துக்குத் திரும்பியவர்கள் 65 சதவீதம், போட்டிக் களத்துக்கு 55 சதவீதம். கால் தயாராக இருந்தும் மனம் தயாராகாததும் இந்த இடைவெளிக்கு ஒரு காரணம். இதை அளப்பதற்கு ஆஸ்திரேலியாவில் வெப்ஸ்டரும் சக ஆய்வாளர்களும் 2008-இல் உருவாக்கிய 12 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. உங்கள் பிசியோவிடம் ஏசிஎல்-ஆர்எஸ்ஐ என்று கேட்டுப் பாருங்கள்.

பயம் முழுக்க எதிரியும் இல்லை. நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட கணக்குப்படி, களம் திரும்புவதை ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடும் வாய்ப்பு சுமார் 51 சதவீதம் குறைந்தது. ஐந்தாம் மாதத்தில் ஊர்த் திருவிழாப் போட்டி வருகிறது, பயத்தை மட்டும் போக்கிக் கொடுங்கள் என்று கேட்டால், மாட்டேன் என்றுதான் சொல்வேன். அந்தப் பயம் உங்கள் ஜவ்வுக்குக் காவல்.

ஒன்பது மாதம் தாண்டியாகிவிட்டது, தொடை பலம் நல்ல காலுக்குச் சமமாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கபடிக்காரருக்கு ஒரு வசதி உண்டு: ஒரு ரெய்டு 30 நொடிதான், மனப்பயிற்சிக்கு அளவெடுத்தது போன்ற நேரம். பாடிக்கொண்டே போவதால் வேகத்துக்கும் ஒரு தாளம் கிடைத்துவிடுகிறது. வாய்க்குள் “கபடி கபடி” என்று முணுமுணுத்தபடி செய்தால் காட்சி ஓடிப்போகாது.

முதலில் ஆளில்லாத விரிப்பில் ஒரு ரெய்டு. நடுக்கோட்டைத் தாண்டுவது, போனஸ் கோட்டருகே காலை நீட்டுவது, திரும்புவது. அது இதயத் துடிப்பு எகிறாமல் ஓடினால், அன்றே அல்லது மறுநாள் அதை நிஜத்தில் செய்யுங்கள். அடுத்ததாக எதிரே ஒருவர் நிற்கிறார், தொடவில்லை. அடுத்து கையைப் பிடிக்கிறார். கணுக்கால் பிடி, தொடைப் பிடியெல்லாம் கடைசியில். கற்பனை நிஜத்தைவிட ஒரு படி மட்டும் முன்னால் இருக்கட்டும். ஐந்து படி முன்னால் போனால் அது சினிமா. எப்போதும் ஜெயிப்பதாகவே ஓட்டாதீர்கள். பிடிபட்டு, சரியாக விழுந்து, எழுந்து நடப்பதையும் ஓட்டுங்கள். நிஜத்தில் அதிகம் நடக்கப்போவது அதுதான்.

மனப்பயிற்சி செய்த பெரிய வீரர்கள் யாராவது இப்படித் திரும்பியிருக்கிறார்களா?

அமெரிக்கப் பனிச்சறுக்கு வீராங்கனை லிண்ட்ஸி வான், பந்தயப் பாதை முழுவதையும் முன்கூட்டியே மனதில் ஓட்டிப் பார்ப்பதற்குப் பேர்போனவர். 2013 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங்கில் நடந்த உலகப் போட்டியில் விழுந்து வலது முழங்காலில் ஏசிஎல் கிழிந்தது. அதே ஆண்டு நவம்பரில் பயிற்சியில் விழுந்து மறுபடி அடி. 2014 சோச்சி ஒலிம்பிக் கைவிட்டுப்போனது. ஆனால் 2014 டிசம்பரில் கனடாவின் லேக் லூயிஸில் மறுபடி ஜெயித்தார். அவர் திரும்பி வந்ததை மட்டும் சொல்லி உற்சாகப்படுத்துவார்கள். மனப்பயிற்சியில் கைதேர்ந்தவருக்கும் ஜவ்வு மறுபடி கிழிந்தது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

நான் விளையாட்டு வீரன் இல்லை. பைக்கில் விழுந்தவன். எனக்கு இது எதற்கு?

உங்கள் களம் வேறு, அவ்வளவுதான். டவுன் பஸ்ஸின் உயரமான முதல் படி, ஈரமான குளியலறைத் தரை, பந்தியில் கீழே உட்கார்ந்து எழுவது, இந்தியக் கழிப்பறை, பைக்கை ஸ்டாண்டில் போடும்போது ஒற்றைக்காலில் நிற்பது. இதில் உங்களைத் தயங்க வைக்கும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் படியென்றால் கம்பியைப் பிடிப்பது, நல்ல காலை முதலில் வைப்பது, பஸ் நகர்வதற்குள் உள்ளே போவது வரை உணருங்கள். இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். பிறகு வீட்டுப் படியில் நிஜமாகச் செய்யுங்கள்.

சம்மணமும் குத்தவைப்பதும் முட்டியை அதிகம் மடக்குபவை. பிசியோ அனுமதித்த பிறகே அவற்றை நிஜத்தில் முயலலாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

பத்து முதல் பதினைந்து நிமிடம், அதையும் இரண்டு மூன்று தவணையாக. கவனம் சிதறிய பிறகு செய்வதில் அர்த்தமில்லை. படுக்கையில் தூக்கம் வரும் நேரத்தில் செய்தால் மூன்றாவது தடவையிலேயே குறட்டைதான்.

எங்கள் ஊரில் பிசியோ இல்லை, வாரம் ஒருமுறை பஸ் ஏறித்தான் போகிறேன். மற்ற நாட்களில் மனப்பயிற்சி மட்டும் போதுமா?

போதாது. மற்ற நாட்களில் வீட்டுப் பயிற்சியைச் செய்ய வேண்டும். கூடவே மனப்பயிற்சி. பிசியோ சொல்லிக்கொடுக்கும்போது உங்கள் காலையும் அவர் குரலையும் சேர்த்துப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். யூடியூபில் இருக்கும் யாரோ ஒருவரின் காலைவிட, உங்கள் கால் சரியாக அசைந்த அந்த ஒரு நிமிட வீடியோ வீட்டுப் பயிற்சிக்கும் கற்பனைக்கும் பயன்படும்.

அம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அவர் செய்யலாமா?

செய்யலாம். அங்கும் முதல் பிரச்சினை தொடை எழும்பாததுதான். ஸ்லோவேனியாவில் பாராவ்லிச் குழு மூட்டு மாற்று செய்தவர்களிடம் பார்த்தபோது, வழக்கமான பிசியோவோடு மனப்பயிற்சியும் செய்தவர்களுக்கு முதல் மாதத்தில் தொடை பலம் குறைந்தது குறைவாக இருந்தது. அம்மாவிடம் மனப்பயிற்சி, உளவியல் என்றெல்லாம் விளக்க வேண்டாம். “எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள ஒரு தடவை எழுந்து பாரும்மா, அப்புறம் எழுந்திரு” என்றால் போதும்.

எதைக் கண்டால் எல்லாப் பயிற்சியையும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்?

கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, அமுக்கினால் வலித்தால் அன்றே போங்கள், ரத்தம் உறைந்திருக்கலாம். கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு. காய்ச்சலோடு முட்டி சூடாகிச் சிவந்தாலோ, தையலில் சீழ் கசிந்தாலோ தாமதிக்க வேண்டாம். முட்டி பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போவது, மறுபடி ‘டப்’ என்ற சத்தத்தோடு திடீரென வீங்குவது, நடக்கும்போது முட்டி வழுக்கி மடிவது ஆகியவற்றையும் சர்ஜன் பார்த்தாக வேண்டும். அவர் பார்த்துவிட்டு, காலை அசைக்கக் கூடாது, சில நாள் ஓய்வு என்று சொன்னால், அந்த நாட்களில் கற்பனையில் மட்டும் தொடையை இறுக்கிக்கொண்டிருக்கலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.